வண்டி ரேடியோ பாடுதா?

என் வண்டியின் டேஷ்போர்டில் நட்ட நடுவில் ஒரு ஓட்டை இருந்தது. நீள்சதுரமான ஓட்டை, கை நுழையும். வருஷக்கணக்காக அந்த ஓட்டையோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் அது என்னைத் தொந்தரவு செய்ததில்லை. போன மழைக்காலம் முடிந்த பிறகு, வண்டியில் ஏறி உட்கார்ந்தால் கண் வேறு எங்கும் போக மறுத்தது.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் செய்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை துணியில், மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். சிவப்பு நிறம். நெய்வேலிப் பக்கம் சுரங்க வேலைக்கு வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது. அவர் ஊர் திரும்பும்போது கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்காரருக்கு விற்றுவிட்டுப் போனார். ரைஸ் மில்காரர் இறந்த பிறகு அவர்கள் நிலமும் வீடும் சுரங்கத்துக்குப் போயின. புதிதாகக் கட்டிக்கொண்ட வீட்டில் வண்டியை நிறுத்த இடமில்லை என்று அந்தக் குடும்பம் விற்றது, நான் வாங்கினேன். முன் விளக்கு இரண்டும் தவளைக் கண் மாதிரி மேலே துருத்திக்கொண்டிருப்பதால் விருத்தாசலத்தில் அதற்குத் தவளை வண்டி என்று பேர். ஜங்ஷன் ரோட்டில் போனால் ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். மரியாதையினால் இல்லை. எங்கே நடுரோட்டில் நின்றுவிடுமோ என்ற பயத்தினால்.

இப்போது காது விஷயம். எனக்குப் பீங்கான் தொழில். ஊறுகாய் ஜாடி, டீ கோப்பை, கொலு சமயத்தில் பொம்மை. சூளையிலிருந்து இறங்கிய ஜாடியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, கல்யாண மோதிரத்தால் ஒரு தட்டு தட்ட வேண்டும். நல்ல ஜாடி ‘கணீர்’ என்று சொல்லும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ‘டொக்’. இந்த வேலையை மட்டும் நான் யாரிடமும் கொடுத்ததில்லை. என் மோதிரம் ஒரு பக்கம் தேய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கல்யாணத்தையே தேய்த்துவிட்டீர்கள் என்று என் மனைவி சொல்வாள்.

பண்ருட்டியில் ஜாடி வாங்கும் கடைக்காரர் ஒரு நாள் போன் செய்தார். மாங்காய் ஊறுகாயின் எண்ணெய் கசிந்து அலமாரியெல்லாம் வழிகிறது, ஒன்று இரண்டு இல்லை, கட்டுக் கட்டாகச் சொத்தை என்றார். திரும்பி வந்த ஜாடி ஒன்றையும், நல்ல ஜாடி ஒன்றையும் பக்கத்தில் வைத்துத் தட்டினேன். இரண்டும் ஒன்று போலவே பேசின. இன்னொரு முறை தட்டினேன். தள்ளி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த சூளைக்காரர், எடுத்த எடுப்பில், சொத்தை இடது பக்கத்து ஜாடிதான் என்றார். நான் மோதிரத்தைத் திருகிக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

புதுச்சேரியில் காது டாக்டர், சத்தமான இடத்தில் எத்தனை காலம் வேலை என்று கேட்டார். கல்லுருண்டைகள் உருண்டு களிமண் அரைக்கும் மில்லுக்குப் பக்கத்தில்தான் என் மேஜை, வாலிபத்திலிருந்து. நரம்பு போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது, மிச்சம் இருப்பதும் குறையும், மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். மெஷின் வைத்தவனை எங்கள் ஊரில் என்ன பேர் வைத்துக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் நானே கூப்பிட்டிருக்கிறேன்.

வீட்டில் சொல்லவில்லை. ஜாடி தட்டும் வேலையைச் சூளைக்காரரிடம் கொடுத்துவிட்டு, கை மணிக்கட்டில் வலி என்றேன். போனில் பேச்சு பிடிபடாதபோது டவர் இல்லை என்றேன். எங்கள் தெருவில் டவர் நன்றாகத்தான் இருக்கிறது.

அன்றிலிருந்துதான் அந்த ஓட்டை என்னைப் பார்க்க ஆரம்பித்தது. அந்த வண்டிக்கு ஒரு ரேடியோ உண்டு. கூரையை மடக்கிவிட்டு, ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் காற்று முகத்தில் அடிக்க, ரேடியோ பாட, போக வேண்டும் என்பது வாங்கின நாளிலிருந்து ஆசை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போது நாளை என்பது அளவோடுதான் இருக்கிறது. காது போவதற்குள் இந்த வண்டியின் ரேடியோ பாடி அதை நான் கேட்டுவிட வேண்டும். இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் பைத்தியம் விட்டுவிடுமா?

எங்கள் பக்கத்தில் ரேடியோ பேசாது, பாடும். செய்தி வாசித்தாலும், நெல் விலை சொன்னாலும், இரங்கல் அறிவித்தாலும் ரேடியோ பாடுகிறது என்றுதான் சொல்வோம். ரிப்பேர்க் கடைக்காரர் கேட்பதும் ‘பாடுதா?’ என்றுதான்.

தேட ஆரம்பித்தேன். காலையில் பல் விளக்கும்போதே கையில் செல்போன். பழைய வண்டிக்காரர்கள் கூடிப் பேசும் குழு ஒவ்வொன்றிலும் போய் எழுதினேன். வண்டியோடு வந்த கையேட்டில் ரேடியோவின் படம் இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு குமிழ், நடுவில் வெள்ளைப் பற்கள் மாதிரி ஐந்து பொத்தான், மேலே எண்கள் எழுதிய கண்ணாடி. அந்தப் படத்தை அனுப்பி, இது இருக்கிறதா என்று கேட்டால், எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: ஒரிஜினல் இருக்கிறது.

ஒரிஜினல் என்ற சொல்லை நம்பி நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. சென்னையிலிருந்து பார்சல் வந்தது, பிரித்தால் ஜெர்மன் ரேடியோ. இது ஒரிஜினல் இல்லையே என்று கேட்டேன். டூப்ளிகேட் இல்லை சார், சுத்தமான ஒரிஜினல் கம்பெனி சரக்கு என்றார் விற்றவர். அவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் டூப்ளிகேட் இல்லாத எல்லாமே ஒரிஜினல்தான். என் வண்டிக்கு உரியதா என்பது என் தலைவலி. பம்பாயிலிருந்து வந்த இன்னொன்று ஓட்டைக்குள் நுழையவே இல்லை. அதை விற்ற ஆள், ஓட்டையைக் கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளச் சொன்னார். இப்படி எவனோ முன்னால் கேசட் பிளேயருக்காக வெட்டியதை ஒட்டிச் சரிசெய்யத்தான் நான் ஒரு கோடைகாலத்தைச் செலவழித்திருந்தேன். போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் முற்றத்தில் நடந்தேன். உட்கார்ந்தால் கால் ஆடியது. நின்றால் கை அரித்தது.

இதற்கு நடுவில் என் மனைவி செவ்வாய்க்கிழமைதோறும் கோவிலுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். எங்கள் பங்குக் கோவிலில் செவ்வாய் மாலை கோடி அற்புதர் என்கிற புனிதருக்கு நவநாள் ஜெபம். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். சாவி தொலைந்தாலும் கம்மல் தொலைந்தாலும் அவர் பாதத்தில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஒரு வாரமும் தவறாமல் இவள் போவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

“அவரு தொலைஞ்சதத்தான் தேடிக் கொடுப்பாரு. அந்த ரேடியோவ நாம தொலைக்கவே இல்லியே. எவனோ தொலைச்சதுக்கு நீ ஏன் மெழுகுவத்தி ஏத்துற?” என்றேன்.

“நீங்க உங்க வேலயப் பாருங்க” என்று அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரமும் விடாமல் கேலி செய்தேன். வெள்ளைக்காரன் ரேடியோ என்பதால் ஜெபத்தை இங்கிலீஷில் சொல்கிறாயா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்து எனக்குத்தான் விழவில்லையோ என்னவோ. இந்தச் சந்தேகம்தான் அந்த மாதங்களில் என்னைத் தின்றது. யாராவது வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட, பேசி முடித்துவிட்டார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஒரு நாள் சோறு போடும்போது அவள் எனக்கு நேராக வந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “ஏங்க, ஊரு ஒலகமெல்லாம் கேக்குறீங்க. வண்டிய வித்தவங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?”

கேட்கவில்லை. கேசட் பிளேயர் வந்த அன்றே பழைய ரேடியோ காயலான் கடைக்குப் போயிருக்கும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். மீதிச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு கம்மாபுரத்துக்குக் கிளம்பினேன்.

ரைஸ் மில்காரரின் மனைவி மகனோடு புது வீட்டில் இருந்தார். புது வீடு என்றாலும் உள்ளே எல்லாம் பழைய வீட்டுச் சாமான்தான். பெரிய வீட்டுக் கதவு ஒன்று நிலைச்சட்டம் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா உள்ளே போய், சாமி மாடத்துக்குக் கீழே துணி மூடி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு குமிழ். ஐந்து பொத்தான். கண்ணாடியின் மேல் பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பொத்தான்களின் இடுக்கில் பழைய சந்தனம் கெட்டியாக ஏறிப்போயிருந்தது.

வண்டியை விற்ற பிறகும் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இதற்குப் பொட்டு வைக்கிறார்களாம். அவர் கணவர் வண்டிக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைக்காமல் இருந்ததில்லை. வண்டி போய்விட்டது, பூசணிக்காய் உடைத்த வாசலும் போய்விட்டது. இது மட்டும் இருந்தது, அதனால் இதற்கு வைத்தோம் என்றார். இதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. பணம் தருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவரே சொன்னார். “எடுத்துகினு போ தம்பி. வண்டியோட சாமானு வண்டியிலதான் இருக்கணும். பொட்ட மட்டும் அழிச்சிடாத.”

வாசல் வரைக்கும் வந்தவர் ஒன்று சேர்த்துச் சொன்னார். இது முகம்தான். இதற்கு உயிர் வேறு ஒரு இரும்புப் பெட்டியில் இருக்கும், கனமாக இருக்கும், அதை வண்டியிலிருந்து கழற்றவே இல்லை, வண்டியோடேயே உன்னிடம் வந்தது என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பெட்டி, பெட்டி என்று மனசு அடித்துக்கொண்டது. வண்டியைப் பிரித்துச் சேர்த்த மெக்கானிக், மிச்சம் என்று ஒரு சாக்கில் கட்டி எங்கள் கம்பெனி குடோனில் போட்டிருந்தார். அவரைக் கேட்கலாமென்றால் அவர் துபாய்க்குப் போய்விட்டார். குடோனைத் தலைகீழாகப் புரட்டினேன். சாக்கு கிடைத்தது, காலியாக. இரண்டு நாள் யார் மேலாவது எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன். களிமண் லாரிக்காரரோடு காரணமில்லாமல் சண்டை. முகம் மட்டும் என் மேஜை மேல் பொட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் டீ டம்ளரோடு அச்சு வார்க்கும் கொட்டகையில் போய் நின்றேன். பிளாஸ்டர் அச்சின் இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டி, விரியாமல் இருக்க மேலே பாரம் வைப்பது வழக்கம். கல், இரும்புத் துண்டு, செத்த பேட்டரி, எது கனமோ அது. நான் ஞாயிறு பூசைக்குப் போகிறவன் என்றாலும் ஆயுத பூஜையன்று என் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் பொட்டு வைக்காத பொருள் கிடையாது. சூளை, தராசு, துடைப்பம், பாரக்கல் எல்லாவற்றுக்கும் உண்டு. ஓரத்து அச்சின் மேல் பாரமாக உட்கார்ந்திருந்த இரும்புப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் இருந்தது. களிமண் பூசிப் பூசி வெள்ளையாகியிருந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு ஒயர் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

டீயைக் கீழே வைத்தேனா, போட்டேனா, நினைவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் என் மேஜைக்குப் போகிறேன்.

வீட்டுக்கு ஓடி, உன் கோடி அற்புதர் ஜெயித்துவிட்டார், நாமே தொலைத்ததைத்தான் நாமே தேடியிருக்கிறோம் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அப்படியா என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தச் செவ்வாயும் முக்காட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்டேன். நன்றி சொல்லப் போகிறாள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

முகத்தையும் பெட்டியையும் சென்னையில் பழைய ரேடியோ ரிப்பேர் செய்பவருக்கு அனுப்பினேன். அவர் போன் செய்தபோது, டவர் இல்லை என்று சொல்லிப் போனை என் மனைவியிடம் நீட்டினேன். அவள் பேசிவிட்டு வந்து, பாடுகிறதாம், பொட்டை அழிக்கவில்லையாம் என்றாள். ஒரு எச்சரிக்கையும் சொன்னாராம். அந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரியின் ப்ளஸ்தான் வண்டி உடம்போடு சேரும். நம்மவர்கள் பழக்கத்தில் மைனஸைக் கொடுத்தால் ரேடியோ அந்த நிமிஷமே செத்துவிடும், பிறகு பிழைக்க வைக்க முடியாது.

ரேடியோ வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், ஆட்டோ எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர். எர்த் என்றால் மைனஸ்தானே என்று அவர் ஆரம்பித்ததுமே எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இந்த வண்டிக்கு இல்லை, இல்லை என்று வாய் ஓயாமல் சொன்னேன். அவர் குனிந்தால் நானும் குனிந்தேன். அவர் ஸ்க்ரூ திருகினால் என் கையும் திருகியது. முதலாளி, கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காமல் நில்லுங்கள் என்று அவர் சொன்னதாக என் மனைவி பிறகு சொன்னாள்.

ஓட்டை மூடிக்கொண்டது. முகம் அந்த இடத்தில் பிறந்ததுபோல் உட்கார்ந்தது. கூரையை மடக்கினோம். நான் ஸ்டியரிங் முன்னால், பக்கத்தில் என் மனைவி, வெளியே கதவோரம் நின்றபடி எலக்ட்ரீஷியன். குமிழைத் திருகினேன். பொட்டுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வந்தது. சூடேறக் கொஞ்சம் நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். காத்திருந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் காத்திருந்தேன். மற்ற குமிழையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருகினேன். ஒன்றுமே இல்லை.

“மைனஸக் கொடுத்துட்ட. தலையால அடிச்சிக்கினேனே, கேட்டியா? கொன்னுட்டியே” என்று எலக்ட்ரீஷியனைப் பார்த்துக் கத்தினேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார். எதிர் வீட்டுக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் தலையைச் சாய்த்து நின்றிருந்தார். அந்த மாதிரி தலையைச் சாய்ப்பது எப்போது என்று எனக்குத் தெரியும். எதையாவது கேட்கும்போது.

என் மனைவி என் பக்கமாகச் சாய்ந்து, வலது காதைத் தேடி வாயை வைத்தாள். அதுதான் எனக்குக் கொஞ்சம் நல்ல காது. அதை அவளுக்கு நான் சொன்னதே இல்லை.

“பாடுதுங்க” என்றாள்.

கையை எடுத்து ரேடியோவின் மேல் வைத்தேன். உள்ளே ஏதோ லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது, சூளையிலிருந்து இறங்கிய ஜாடி தட்டின பிறகு கையில் அதிர்வது போல. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

“எப்பலேருந்து தெரியும் உனக்கு?” என்று கேட்டேன்.

அவள் என் முகத்துக்கு நேராக வந்து, உதடு தெரியும்படி சொன்னாள். “டீவிய அவ்ளோ சத்தமா வெச்சா தெருவுக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? செவ்வாக்கெழம செவ்வாக்கெழம நான் ரேடியோவுக்கா மெழுகுவத்தி ஏத்துனேன்?”

தொலைக்காததை அவர் எப்படித் தேடிக் கொடுப்பார் என்று எத்தனை செவ்வாய் கேலி செய்திருக்கிறேன். தொலைத்தது நான்தான், தொலைத்ததை மறைத்ததும் நான்தான். நாளைக்கே புதுச்சேரிக்குப் போகலாம் என்று எப்படியோ சொன்னேன். காலை பஸ்ஸுக்கே போகலாம் என்றாள்.

பிறகு அவள் கையை நீட்டி, இடது குமிழைப் பிடித்து, அது நிற்கும் வரை திருகினாள். எதிர் வீட்டுக்காரர் கேட்டை விட்டுவிட்டுப் பின்னால் போனார். கம்பிமேல் இருந்த காக்கைகள் எழும்பின. எலக்ட்ரீஷியன் பையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவில், ஒரு ஆள் கத்தரிக்காயில் விழும் புழுவைப் பற்றி நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு அளவாக இருந்தது. என் மனைவி ஒரு கையால் தன் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையைக் குமிழிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.